பதினோரு ஞாயிறுகளின் சத்தம்

பாலிடெக்னிக் முடித்த கையோடு நம் பட்டறைக்கு வந்திருக்கிறீர்கள். கார்புரேட்டர் கழற்றுவது எப்படி என்று உங்கள் இருவருக்கும் நான் சொல்லப்போவதில்லை. அது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாததைப் பட்டறை முதலாளி கமால் பாய் சொல்லுவார், கொஞ்சம் திட்டும் சேர்த்து. இந்த மாதக் கடைசியோடு நான் ஓசூருக்குப் போகிறேன், ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்கு. முப்பத்தோரு வயதுக்காரன் 'என் அனுபவத்தில்' என்று ஆரம்பித்தால் சிரிப்புதான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்தில் நான் செய்த தவறுகளில் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நேரில் சொன்னால் பாதியில் ஏதாவது தமாஷ் பண்ணித் தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மூலக்குளத்துப் பட்டறைக்குள் நிற்கும் பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டீர்கள். நீங்கள் பார்க்காத வண்டிகள் இன்னும் ஏழு இருக்கின்றன. அவை பட்டறைக்கு வருவதில்லை. நாம்தான் அவற்றைத் தேடிப் போகவேண்டும். அவற்றின் சொந்தக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே பட்டாளத்திலோ தபாலிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என்றைக்காவது ஊரோடு வந்துவிடலாம் என்று வீட்டையும் வண்டியையும் இங்கே வைத்திருக்கிறார்கள். வருடத்தில் ஆறு வாரம், எட்டு வாரம் வருவார்கள். மிச்ச நாளெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். வாரம் ஒரு முறை போய் வண்டியைக் கிளப்பி, எண்ணெய் சூடாகும்வரை ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது நம் வேலை. கடற்காற்றில் ஒரு மாதம் சும்மா நின்றால் போதும், பழைய வண்டி உள்ளுக்குள்ளேயே இறுகிப்போகும்.

பூட்டிய வீட்டில் வேலை செய்வதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்கள் கிளம்பிப்போன மாதத்திலேயே காலண்டர் நின்றிருக்கும். ஃபிரிட்ஜ் கதவு வாயைத் திறந்துகொண்டிருக்கும். நீங்கள் இருமினால் அடுத்த அறையில் இன்னொருவர் இருமுவார். முதல் வருடம் நான் சத்தமாகப் பாடிக்கொண்டே வேலை செய்தேன். இரண்டாம் வருடம் வண்டியோடு பேச ஆரம்பித்தேன். மூன்றாம் வருடத்தில் அதையும் விட்டுவிட்டேன். காலையில் நாலு வீட்டுக்குப் போய்விட்டு மதியம் பட்டறைக்கு வந்தால், "சாப்டியா?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லக்கூட முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் சத்தம் அனுப்பவேண்டும். இது நம் பட்டறையின் வழக்கம், வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் போட்டோதான் அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். அதில் வண்டி எப்போதும் அழகாகத்தானே இருக்கும்? நின்றுபோன வண்டியும் அழகாகத்தான் இருக்கும். அதனால் போனில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புகிறோம். ஆறிய எஞ்சின் கிளம்பும் சத்தம், அப்புறம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிற சத்தம். காது பழகியவருக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

அப்படிக் காது பழகியவர்களில் முதல் ஆள் செலஸ்தின் முசியே; ஐயா என்பதை நாங்கள் பிரெஞ்சுப் பாணியில் முசியே என்போம். எழுபத்து மூன்று வயது. பாரிசுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். அவருடைய வண்டி எழுபதுகளில் செய்த ஜெர்மன் வண்டி, தூரப் பயணத்துக்கென்றே செய்தது. சிலிண்டர்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாகக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். செயின் கிடையாது, தண்டு வழியாகத்தான் பின்சக்கரம் சுழலும். பின்னால் இரண்டு பெட்டிகள், முன்னால் காற்றுக்கு ஒரு கண்ணாடி. தேங்காய்த்திட்டுப் பக்கம் அவர் வீடு. சுற்றுச்சுவரை ஒட்டி இறக்கிய கொட்டகையில் வண்டி நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வலது பக்கம் யாரோ ஸ்பூனால டம்ளரைத் தட்டறாப்ல கேக்குதே. வால்வு எடவெளியப் பாரு."

பார்த்தேன். இடைவெளி ஒரு தலைமுடி அளவுக்குக் கூடியிருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார். எஞ்சினியரிங் படித்த திமிரெல்லாம் அன்றைக்கே எனக்கு இறங்கியது.

அவருடைய மனைவியை நாங்கள் மதாம் என்போம். காரைக்கால்காரர். வருடா வருடம் ஜனவரியில் இருவரும் வருவார்கள், பெட்டிகளில் துணியை அடைத்துக்கொண்டு வண்டியிலேயே காரைக்கால் போவார்கள். போகும் வழியெல்லாம் மதாம் பின்னாலிருந்து அவர் தோளில் தட்டித் தட்டி வேகத்தைக் குறைப்பாராம். மதாம் இறந்ததும் ஒரு ஜனவரியில்தான். அவர் ஆசைப்படியே காரைக்காலில் அடக்கம் செய்தார்கள். முசியே மார்ச்சில் தனியாகத் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் சத்தம் நீள ஆரம்பித்தது.

முதலில், "கிளப்பறதுக்கு முன்னாடியே ரெக்கார்டு போட்டுடு தம்பி" என்றார். அடுத்து, "கேட்டைத் தொறக்கும்போதே போட்டுடு" என்றார். இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகி, இருபதாகியது. கேட் கீல் கத்துவது, கொட்டகைக் கூரையில் காக்கை நடப்பது, எட்டுமணி வாக்கில் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுவது, ஐஸ் லாரி பின்னால் எடுக்கும்போது அடிக்கும் மணி. கடைசியில்தான் எஞ்சின். அவர் எழுந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். கேட்டு முடித்ததும் பிரெஞ்சில் ஒரு நன்றியோடு எனக்குப் பதில் வரும்: "மெர்சி தம்பி. இன்னிக்கி வஞ்சிரம் நெறைய வந்திருக்குது போல, ஏலக்காரன் குரலே மாறிப்போச்சி."

அதற்காக நானும் கொஞ்சம் பேச ஆரம்பித்தேன். "முசியே, சாவி போடறேன்." "முசியே, பெட்ரோல் தொறக்கறேன்." காலி வீட்டில் போனைப் பார்த்துப் பேசுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஏழு வீடுகளில் அந்த ஒரு வீட்டில்தான் எனக்கு இருமல் எதிரொலிக்கவில்லை.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், இந்த மனிதருக்கு நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

அந்த வருடம் அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு காலை எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். போகவில்லை. மதியம் ஆனதும் உறுத்தியது. போனில் ஜூலை மாதப் பதிவு ஒன்று இருந்தது. தேதி தெரியாத மாதிரி அதைப் புதுக் கோப்பாக மாற்றி அனுப்பினேன். "மெர்சி தம்பி" வந்தது. அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அடுத்த ஞாயிறு மழை அவ்வளவு இல்லை. ஆனால் எனக்கு ஓசூர்க் கம்பெனி ஒன்றின் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது. இன்னொரு பழைய பதிவு போனது. மூன்றாவது வாரம் எனக்கே வேலையில் ருசி தட்டிவிட்டது. ஒரு பதிவிலிருந்து கேட்டை வெட்டி, இன்னொன்றிலிருந்து காக்கையை எடுத்து, மூன்றாவதிலிருந்து எஞ்சினை ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் இழைத்தேன். ஒரு மணிநேரம் உட்கார்ந்து செய்தேன். அந்த ஒரு மணிநேரத்தில் அவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கலாம். கெட்டிக்காரன் சோம்பேறியானால் இப்படித்தான், உழைத்து ஏமாற்றுவான்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. நம் ஊர் அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. அந்த ஞாயிறும் சத்தம் அனுப்பினேன். அன்று மாலை அவரே கூப்பிட்டார்.

"தம்பி, அங்க புயல்னு டிவில காட்டறான். ஏலம் கேட்டுச்சே. படகு போவுதா?"

மழைச் சத்தம் அவருக்குக் கேட்காதபடி ஜன்னலைச் சாத்தினேன்.

"ரெண்டு மூணு பேர் போனாங்க முசியே."

"அடப்பாவிங்களா! புயல்லயா? கெட்டிக்காரப் பசங்க." சிரித்தார். "வீட்டுல தண்ணி ஏதும் வரலையே?"

"இல்ல முசியே. எல்லாம் காஞ்சி கெடக்குது."

பார்க்காத வீட்டைப் பற்றிச் சொன்னேன். போனை வைத்ததும் உடனே போய்ப் பார்த்திருக்கவேண்டும். போகவில்லை. இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் நான் போகாதது சோம்பலால். அதற்கப்புறம் போகாதது பயத்தால். கேட்டைத் திறந்தால் என்ன தெரியுமோ என்ற பயம். போகாமல் விட்ட ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் போவதைக் கடினமாக்கியது. டிசம்பர் முழுக்க அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தேன். சத்தம் மட்டும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

மொத்தம் பதினோரு வாரம்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை செய்தி வந்தது. வியாழக்கிழமை வந்து இறங்குகிறார். வரும் ஞாயிறு காரைக்கால் மாதா கோயிலில் மதாமுக்கு வருடப் பூசை. "சனிக்கெழம காலைல வண்டியிலயே கிளம்பறேன். அவளாண்ட சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தார்.

பத்து நிமிடத்தில் தேங்காய்த்திட்டில் இருந்தேன். கொட்டகைச் சுவரில் என் முட்டி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. புயல் தண்ணீர் ஏறி நின்று வடிந்த கோடு. வண்டியின் சக்கரங்கள் பாதிக்குமேல் அதில் நின்றிருக்கின்றன. சைலன்சருக்குள் சேறு. முன்பிரேக் இரும்புத்தட்டு துருவில் செம்மண் நிறமாக இருந்தது. பிரேக் பிடியை அழுத்தினேன். கடைசிவரை காலியாகப் போனது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? வாளியில் தண்ணீர் பிடித்துச் சுவரைக் கழுவினேன். அந்தக் கோடு போகும்வரை தேய்த்தேன். வண்டியைத் தொட்டது அதற்கப்புறம்தான்.

குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பாய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தண்டு இருக்கும் பக்கத்து எண்ணெய் மூடியைத் திறந்தவுடன் காப்பிக்கலரில் கொழகொழவென்று வந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய்.

"ஏம்ப்பா, நேத்திக்கிதானே சத்தம் அனுப்பின? கப்பல்லயா ஓட்டின?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

பாய் எண்ணெய் மூடியைத் தரையில் வைத்தார். "நானே கேட்டேன்டா ஒரு தடவ. எவ்ளோ நல்லா ஓடுதுன்னு உன்னப் பெருமையா வேற பேசினேன்" என்றார். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அழுவறதெல்லாம் அப்புறம் வச்சிக்க. சனிக்கெழமக்கி நாலு நாளு இருக்கு. ஸ்பேனரை எடு."

நாலு நாளில் நாங்கள் செய்ததை விவரிக்கவேண்டியதில்லை. எண்ணெயெல்லாம் மாற்றி, சேறெல்லாம் கழுவி, வியாழன் மாலை எஞ்சின் பழையபடி பாடியது. அன்றைக்கு வந்திறங்கிய முசியேயிடம், பயணத்துக்குமுன் சரிபார்க்க வண்டியைப் பட்டறையில் வைத்திருக்கிறோம் என்று போனில் சொல்லிவிட்டேன். மிச்சமிருந்தது ஒன்றுதான். முன்பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் சின்ன சிலிண்டர், பெட்ரோல் டாங்கிக்கு அடியில் இருக்கும். தண்ணீர் அவ்வளவு உயரம் வராவிட்டாலும், அத்தனை வாரம் ஈரத்தில் அசையாமல் நின்றதில் உள்ளே துருப்பிடித்து, ரப்பர் அதில் உரசிக் கிழிந்திருந்தது. புதுசு ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், குறைந்தது பத்து நாள். பாய் தன் டப்பாக்களைக் குடைந்து ஏதோ காரின் கிளட்ச் ரப்பர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. மாட்டினோம். பிடி கெட்டியாக நின்றது. வில்லியனூர் சாலையில் ஓட்டி, இருபது முறை அழுத்தி நிறுத்தினேன். இருபது முறையும் நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை, கிளம்பும் நேரத்தில், சும்மா பிடியை அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மூன்று நிமிடம் இருக்கும். பிடி மெல்ல, கண்ணுக்கே தெரியாத வேகத்தில், கைப்பிடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாய், எறங்குது."

"எம்மா நேரம் புடிச்ச?"

"மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷம் எவன்டா பிரேக்கைப் புடிச்சிக்கினே நிப்பான்?"

"ரயில்வே கேட்ல நிப்பாங்க."

"கேட் போட்டா எறங்கி டீ குடிப்பாண்டா." சிரித்தார். பின் சிரிப்பு நின்றது. "அவரு மெதுவாத்தான் போவாரு. பின்பிரேக் இருக்குது. போய்ட்டு வந்துட்டாருன்னா புதுசு வந்துடும், மாத்திக்கலாம்."

பாய் கெட்டவர் இல்லை. நீங்களே பார்ப்பீர்கள். ஒரு மனிதர் மனைவிக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற உதவவேண்டும் என்றுதான் நினைத்தார். நானும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். ஆனால் பொருந்தாத ரப்பர் இன்றைக்கு மெல்ல இறங்கினால், என்றைக்கோ ஒரு நாள் சட்டென்று இறங்கும். அது சிதம்பரத்துப் பக்கம் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நடக்காது என்று யார் சொல்வது?

பாதி உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தேன். ரப்பர் போய்விட்டது, புதுசு வரும்வரை ஓட்டவேண்டாம். இது உண்மைதானே? பதினோரு வாரத்தைப் பற்றி வாயே திறக்கவேண்டாம். ஆளும் பிழைத்தார், என் மானமும் பிழைத்தது. இரவு அந்த யோசனையோடு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை வண்டியைக் குட்டியானையிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். முசியே தோல் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டிகளையும் கட்டி முடித்து, கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"இன்னா தம்பி, பல்லக்குல தூக்கிட்டு வர்ற? ஓட்டிட்டு வரலாமில்ல?"

"பிரேக் ரப்பர் போயிடுச்சி முசியே. வேற ஒண்ணு போட்டிருக்கோம், ஆனா அத நம்பமுடியாது. ஜெர்மனிலேர்ந்து வர்றதுக்குப் பத்து நாள் ஆவும். இந்த வாட்டி பஸ்ல போய்ட்டு வந்துடுங்க."

வண்டியை இறக்கினோம். அவர் பிடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"கல்லாட்டம் நிக்குதே."

"கொஞ்ச நேரம் புடிச்சா எறங்கும் முசியே."

"பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி, எனக்கும்தான் கொஞ்ச நேரம் நின்னா எறங்குது." சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி மாட்ட ஆரம்பித்தார். "நீ பயப்படற. போன ஞாயித்துக்கெழம நீ அனுப்பினத நாலு தடவ கேட்டேன். வீராம்பட்டினத்துலேர்ந்து திரும்பி வந்து கேட்டாண்ட பிரேக் போட்ட பாரு, ஒரு பிசிறில்ல. ஆறு நாள்ல இன்னா ஆயிடப்போவுது? அதுவரைக்கும் வாரா வாரம் ஓடின வண்டி. எனக்குத் தெரியாதா என் வண்டி?"

இடதுபக்கப் பெட்டி கொக்கியில் மாட்டி 'டக்' என்றது. அவர் வலதுபக்கத்துக்குப் போனார்.

அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் வாய் ஓட்டவேண்டாம் என்கிறது. நான் அனுப்பிய சத்தம் ஓட்டலாம் என்கிறது. அவர் சத்தத்தை நம்புகிறார். ஏன் நம்பமாட்டார்? அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

"முசியே, அது போன ஞாயித்துக்கெழமயில எடுத்தது இல்ல."

அவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஜூலையில எடுத்தது."

"புரியல."

"அக்டோபர்லேர்ந்து நான் வீட்டுக்கே வரல முசியே. பதினோரு வாரம். பழசயெல்லாம் வெட்டி ஒட்டி அனுப்பினேன். புயல்ல தண்ணி வந்து வண்டி பாதி முங்கிடுச்சி. அதுலதான் பிரேக் போச்சி. சுவத்துல கோடு இருந்துச்சி, கழுவிட்டேன்."

குட்டியானை டிரைவர் மெதுவாகத் தன் வண்டிப் பக்கம் நகர்ந்துபோனார்.

முசியே கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கேட் வழியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புயலன்னிக்கி?"

"அதுவும்."

"படகு போவலையா?"

"போவல முசியே."

தலையை ஆட்டிக்கொண்டார். என்னிடம் இல்லை, ஏதோ கணக்கு சரிபார்ப்பவர்போலத் தனக்குத்தானே சொன்னார்:

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்தச் சத்தத்தப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். இப்ப நம்ம வூட்டுல ஒரு ஆள் இருக்குதுன்னு. கேட்டு தொறந்திருக்குதுன்னு." நிறுத்தினார். "ஒருத்தரும் இல்ல."

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நாசமாக்கியது வண்டியை என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூச்சை இழுத்துவிட்டு எழுந்தார். மாட்டிய பெட்டியைக் கழற்றினார். அதிலிருந்து ஒரு சட்டை, ஒரு வேட்டி, மருந்துப் பொட்டலம் எடுத்து ஒரு துணிப்பையில் திணித்தார். தோல் சட்டையைக் கழற்றி வண்டி சீட்டின்மேல் போட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல வுடறேன் முசியே."

"வேணாம் தம்பி."

"காரைக்கால் வரைக்கும்கூட என் வண்டியிலயே..."

"வேணாம்னு சொன்னேன்."

தெருமுனைவரை நடந்துபோய், ஆட்டோ நிறுத்தி ஏறிக்கொண்டார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பூசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவருடைய கொழுந்தியாள் பாயிடம் சொன்னாராம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனாராம்.

பட்டறைக்கு வந்து பாயிடம் சொன்னேன். "ரப்பரை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாமே, ஏன்டா எல்லாத்தையும் கொட்டின?" என்றார். ரப்பரை மட்டும் சொன்னேன், அவர் நிற்கவில்லை என்றேன். பாய்க்குப் புரிந்தது. அதற்கப்புறம் இதைப் பற்றி இன்றுவரை எங்களுக்குள் பேச்சில்லை.

நீங்கள் இந்த வேலையில் தவறு செய்வீர்கள். போல்ட்டை முறுக்கி உடைப்பீர்கள், ரப்பரைத் தலைகீழாக மாட்டுவீர்கள், ஒரு ஞாயிறு தூங்கிவிடுவீர்கள். எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. போகாத வாரம் 'இன்னிக்கி வரல முசியே' என்று மூன்று வார்த்தை அனுப்பியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? 'சரி தம்பி, மழையில நனையாத' என்று பதில் வந்திருக்கும். அந்த மூன்று வார்த்தைக்குப் பதில் ஒரு பொய்யை அனுப்பினேன். பொய் அனுப்பினவனிடம் திரும்பி வந்து மாட்டிவைக்கும் என்பதல்ல நான் சொல்லவருவது. அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்வது. நான் பார்த்தது வேறு. ஒரு மனிதர் சாகாமல் இருக்க என் வார்த்தையை நம்பியே ஆகவேண்டிய ஒரு காலைநேரம் வந்தது. அப்போது எனக்கெதிரே என் பொய் நின்று என்னைவிட நல்ல குரலில் பேசிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. நம் வேலை வண்டியைப் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரர் இல்லாத வீட்டில் கொஞ்ச நேரம் ஆள் இருப்பதும் அதில் சேர்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

முசியே பாயிடம் புகார் எதுவும் சொல்லவில்லை. வேறு பட்டறைக்கும் போகவில்லை. அந்த மார்ச்சில் கிளம்பும்போது, "இனிமே சத்தம் வேணாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வருடம், மழையோ வெயிலோ, ஒரு ஞாயிறு தவறாமல் போயிருக்கிறேன். கேட்டைத் திறப்பேன், வண்டியைக் கிளப்புவேன், ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவேன். கேட்பதற்கு ஆள் கிடையாது. 'சாவி போடறேன்' என்று வாய்வரை வரும். யாரிடம் சொல்வது?

அந்த ஜனவரியிலேயே, பூசை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஜெர்மன் ரப்பர் வந்தது. மாட்டிவிட்டு, நானே காலையில் ஓட்டிப் பார்த்து, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பத்து நிமிடம் பிடியை அழுத்திப் பிடித்தும் பார்த்திருந்தேன், அசையவில்லை. அதற்குமுன் எத்தனையோ வருடம் அவருக்கு வண்டி கொடுத்திருக்கிறேன். சாவியை வாங்குவார், ஏறி உட்காருவார், கிளம்பிவிடுவார். டயரைக்கூடக் காலால் தட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முட்டி வலியோடு ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்லக் குந்தினார். பையிலிருந்து வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து, பிரேக் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கசிவு இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிடியை அழுத்தி, மறுபடி சுற்றினார். ஒவ்வொரு போல்ட்டாக விரல் கறுக்கத் தொட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் இருக்கும். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு கேள்வி என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். என்ன சொன்னாலும் அவர் பார்த்துத்தான் ஆகவேண்டும், அதுதான் நியாயம்.

எல்லாம் பார்த்து முடித்ததும் நிமிராமலே கையை நீட்டினார். சாவியைக் கேட்கிறார் என்று நினைத்து நீட்டினேன்.

"அது இல்ல" என்றார். "கை தொடைக்க ஏதாவது குடு."